ஜப்பான் என்ஜின்களில் எது பலசாலி?

 

மதியச் சாப்பாட்டு நேரத்தில் நம் வகுப்பில் ஓயாமல் நடக்கும் சண்டை ஒன்று உண்டு. "சூப்ராதான்டா கெத்து" என்று ஒரு கட்சி. "போடா, ஸ்கைலைன் முன்னாடி அது நிக்குமா?" என்று இன்னொரு கட்சி. நடுவில் ஒருத்தன் "ஹோண்டா விடெக்" என்று ஆரம்பிப்பான். வேடிக்கை என்னவென்றால், இந்தக் கார்களில் ஒன்றைக்கூட நாம் நேரில் பார்த்ததில்லை. சினிமாவிலும் கம்ப்யூட்டர் கேமிலும் பார்த்ததோடு சரி.

ஆனால் ஜப்பான் என்ஜின் நமக்குப் புதிதில்லை. நம்மில் பலர் சின்ன வகுப்பில் ஆம்னி வேனில் பத்துப் பேரோடு நெருக்கியடித்து ஸ்கூலுக்கு வந்தவர்கள்தான். அந்த வேனுக்குள் இருந்தது ஜப்பானின் சுசுகி வடிவமைத்த 796 சி.சி. என்ஜின். 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 காரிலும் அதே அளவு என்ஜின்தான். மூன்று சிலிண்டர். 40 குதிரைத்திறன்கூடக் கிடையாது. அதை வைத்துக்கொண்டு 2014 வரை மாருதி 800-ஐயும், 2019 வரை ஆம்னியையும் தயாரித்தார்கள். அப்படியானால் அது பலமான என்ஜினா, பலமில்லாத என்ஜினா? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் சூப்ரா சண்டையும் தீர்ந்துவிடும்.

முதலில் சி.சி. என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். பத்தாம் வகுப்புக் கணக்கில் உருளையின் கன அளவு படித்தோமே, அதேதான். மாருதி 800 என்ஜினில் ஒரு சிலிண்டரின் விட்டம் 68.5 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம் 72 மில்லிமீட்டர். செ.மீ.-க்கு மாற்றி, ஆரத்தின் வர்க்கத்தை பையாலும் உயரத்தாலும் பெருக்கினால் ஒரு சிலிண்டருக்கு 265.3 கன சென்டிமீட்டர் வரும். மூன்றால் பெருக்குங்கள். 796! (நான் போட்டுப் பார்த்தபோது சரியாக வந்ததும் எனக்கே ஆச்சரியமாக இருந்தது.)

சி.சி. என்பது வெறும் பாத்திரத்தின் அளவு. அந்தப் பாத்திரத்தில் எவ்வளவு காற்றும் பெட்ரோலும் அடைக்கிறோம், ஒரு நிமிடத்தில் எத்தனை முறை அடைக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் ஒரு சமன்பாடு வரும்.

திறன் = திருப்பு விசை × கோணத் திசைவேகம்

பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணிவிட்டு மறந்துவிடுகிறோம். ஆனால் உலகத்தில் உள்ள டியூனிங் மெக்கானிக் எல்லாரும் செய்வது இந்த ஒரு வரியைத்தான். திறனைக் கூட்ட இரண்டே வழி. ஒன்று, என்ஜினை இன்னும் வேகமாகச் சுற்ற விடுவது. இன்னொன்று, ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் பலமாகத் திருக வைப்பது. படாளம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு இழுத்துப் போகும் டிராக்டர் மெதுவாகத்தான் சுற்றும், ஆனால் திருகல் அதிகம். அந்தக் காலத்து ஆர்.எக்ஸ். 100 பைக் 98 சி.சி.யில் 11 குதிரைத்திறன் கொடுத்தது. அது வேகமாகச் சுற்றும் ஜாதி.

ஹோண்டா பிடித்தது முதல் வழி. 1989-ல் ஜப்பானில் இன்டெக்ரா காரில் வந்த பி16ஏ என்ஜின் வெறும் 1.6 லிட்டர்தான், டர்போவும் இல்லை. ஆனால் நிமிடத்துக்கு 7600 சுற்றில் 160 குதிரைத்திறன் கொடுத்தது. எப்படி? வால்வைத் திறந்து மூடுவது கேம்ஷாஃப்டில் இருக்கும் மேடு. மேடு சின்னதாக இருந்தால் மெதுவாகப் போகும்போது என்ஜின் சாந்தமாக ஓடும், பெட்ரோலும் மிச்சம். பெரிதாக இருந்தால் அதிவேகத்தில் நிறையக் காற்று உள்ளே போகும், ஆனால் மெதுவாகப் போகும்போது திணறும். ஹோண்டாக்காரர்கள் இரண்டு மேட்டையும் ஒரே தண்டில் வைத்து, சுற்று ஏறியதும் ஆயில் அழுத்தத்தால் சின்னதிலிருந்து பெரியதற்கு மாறும்படி செய்தார்கள். அதுதான் விடெக். 1999-ல் வந்த எஸ்2000 காரில் 2 லிட்டருக்கு 250 குதிரைத்திறன் எடுத்தார்கள்.

இதில் ஒரு சிக்கல். சுற்று இரண்டு மடங்கானால் பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் பிய்த்து இழுக்கும் விசை நான்கு மடங்காகும். வர்க்கத்தில் ஏறும் கணக்கு அது. அதனால் ஹோண்டா ஒவ்வொரு பாகத்தையும் எடை குறைத்து, ரொம்பத் துல்லியமாகச் செய்தது. ஆனால் கம்பெனியே கடைசிச் சொட்டு வரை பிழிந்து கொடுத்த பிறகு மெக்கானிக் அண்ணன் புதிதாகப் பிழிய என்ன இருக்கும்? கொஞ்சம்தான். டியூனிங்குக்கு இடம் வேண்டும் என்றால் கம்பெனி மிச்சம் வைத்திருக்க வேண்டும்.

அந்த மிச்சம் இருப்பது இரண்டாவது வழியில் போன டொயோட்டா 2ஜேஇசட், நிசான் ஆர்பி26 என்ற என்ஜின்களில். இரண்டும் வரிசையாக ஆறு சிலிண்டர். இரண்டிலும் இரட்டை டர்போ. இரண்டின் பிளாக்கும் வார்ப்பிரும்பு. ஜப்பானில் இரண்டுக்கும் 280 குதிரைத்திறன் என்றே போட்டிருப்பார்கள். அது தற்செயல் இல்லை. 1989 முதல் 2004 வரை அங்கே கார் கம்பெனிகள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, 280-க்கு மேல் காட்டுவதில்லை என்று இருந்தார்கள்.

காகிதத்தில் சமம்தான். ஆனால் நம் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். 280 குதிரைத்திறன் என்பது சுமார் 206 கிலோவாட். சூப்ரா அதை 5600 சுற்றிலேயே கொடுக்கிறது. அந்த இடத்தில் திருப்பு விசை சுமார் 351 நியூட்டன் மீட்டர். ஸ்கைலைன் 6800 சுற்று வரை போக வேண்டும். அங்கே திருப்பு விசை சுமார் 289. ஒன்று 2997 சி.சி., மற்றது 2568 சி.சி. என்பதால் வந்த வித்தியாசம். ஆர்பி26 பந்தய விதிக்காகவே அளவெடுத்துச் செய்யப்பட்டது. குரூப் ஏ என்ற பந்தயத்தில் டர்போ காரின் சி.சி.யை 1.7-ஆல் பெருக்கித்தான் எந்தப் பிரிவு என்று பார்ப்பார்கள். பெருக்கினாலும் 4500-க்குள் அடங்குகிற மாதிரி 2568 வைத்தார்கள். ஆறு சிலிண்டருக்கும் தனித்தனி த்ராட்டில் வேறு. ஆஸ்திரேலியாவின் பாத்தர்ஸ்ட் பந்தயத்தில் 1991, 1992 இரண்டு வருஷமும் ஸ்கைலைன்தான் ஜெயித்தது.

என் ஓட்டு சூப்ராவுக்கு. ஸ்கைலைன் கட்சி கோபித்துக்கொள்ள வேண்டாம், காரணம் சொல்கிறேன். 2ஜேஇசட்-ல் கிராங்க்ஷாஃப்ட் பட்டறையில் அடித்துச் செய்த எஃகு. அதை ஏழு இடத்தில் பேரிங் தாங்குகிறது. சிலிண்டர் சுவர் மேல்பக்கம் மூடியபடி வார்க்கப்பட்டது. அதிக அழுத்தத்தில் சுவர் அசையாது. அதனால் உள்பாகம் எதையும் தொடாமல் டர்போவையும் பெட்ரோல் அமைப்பையும் மட்டும் மாற்றி 600 குதிரைத்திறனைத் தாண்டியவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். ஆர்பி26-ம் நல்ல பலசாலிதான். ஆனால் ஆரம்ப கால ஆர்32 ஸ்கைலைனில் ஆயில் பம்பை கிராங்க் பிடித்துச் சுற்றும் இடம் குறுகலாக இருந்தது. சுற்றைக் கூட்டியவர்களுக்கு அந்த இடம் உடைந்தது. ஆயில் பம்ப் நின்றால் அடுத்த சில நொடியில் என்ஜின் காலி. பிளாக் எவ்வளவு கெட்டியாக இருந்து என்ன பிரயோஜனம்?

இந்த இடத்தில் நம்ம ஊர்ப் பெயர்க் கதையைச் சொல்லாமல் போனால் பாவம். திரிபுரத்தை எரிக்கச் சிவபெருமான் புறப்பட்டபோது பூமியே தேராம். சூரியனும் சந்திரனும் சக்கரம். நான்கு வேதமும் குதிரை. விநாயகரை வணங்காமல் கிளம்பியதால் தேரின் அச்சு இற்றுப்போனது இந்த இடத்தில். அச்சு இறு பாக்கம், அச்சிறுபாக்கம், பேச்சில் அச்சரப்பாக்கம். ஆட்சீஸ்வரர் கோயிலுக்குப் போகிற எல்லோருக்கும் தெரிந்த கதை. குதிரைத்திறனில் அந்தத் தேருக்கு என்ன குறை? ஒடிந்தது அச்சு.

சரி, நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்கேயும் ஜப்பான் என்ஜினை டியூன் பண்ணிப் பந்தயம் ஓட்டிய பெரிய வரலாறு இருக்கிறது. சிங்கப்பெருமாள் கோயிலில் இடது பக்கம் திரும்பி ஒரகடம் வழியாகப் போனால் ஸ்ரீபெரும்புதூர். அதன் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளப் பந்தயத் தடம் 1990-ல் திறக்கப்பட்டது. அதற்கு முன் சோழவரம் விமான ஓடுபாதையில் பந்தயம் நடக்கும். கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன் என்பவர் மாருதி 800 என்ஜினை எடுத்து ஒற்றை ஆள் உட்காரும் பந்தயக் காரில் வைத்தார். பெயர் ஃபார்முலா மாருதி. கதவு இல்லை, பின்சீட் இல்லை, கூரை இல்லை. ஆம்னியில் பத்துப் பேரைச் சுமந்து முக்கிய அதே ஜாதி என்ஜின் அங்கே பறந்தது. எடையைக் குறைப்பதும் டியூனிங்தான் என்பதை இதைவிட நன்றாக யாரும் காட்ட முடியாது. கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். கோவைச் செட்டிப்பாளையம் பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்தான்.

நரேன் கார்த்திகேயன் ஓட்டிய முதல் பந்தயமே ஸ்ரீபெரும்புதூரில் இந்த ஃபார்முலா மாருதிதான். அதிலேயே பரிசு மேடை ஏறினார். 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அந்தக் காரில் இருந்ததும் டொயோட்டாவின் என்ஜின். 3 லிட்டர், பத்து சிலிண்டர், சுமார் 900 குதிரைத்திறன். டொயோட்டா அதை ஜெர்மனியின் கொலோன் நகரில் செய்தது. அந்த வருஷ விதிப்படி ஒரு என்ஜின் இரண்டு பந்தயம் தாங்க வேண்டும். பயிற்சியையும் சேர்த்தால் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். அவ்வளவுதான் அதன் ஆயுசு!

அதே டொயோட்டா 2000 முதல் 2005 வரை இங்கே குவாலிஸ் விற்றது. 2446 சி.சி. டீசல், டர்போ கிடையாது, 75 குதிரைத்திறன். லிட்டருக்கு 31 கூட வராது. ஆனால் மேல்மருவத்தூருக்கும் திருப்பதிக்கும் வாடகைக்கு ஓடி, லட்சக்கணக்கான கிலோமீட்டர் போய், என்ஜினைப் பிரிக்காமலே இருந்த வண்டிகள் உண்டு. எந்த டிரைவர் அண்ணனை வேண்டுமானாலும் கேளுங்கள். இப்போது சொல்லுங்கள், 900 பலமா, 75 பலமா?

எஸ்டீம் காரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்குப் பிடித்த பாடம் அதில் இருக்கிறது. 1994-ல் வந்தபோது 1298 சி.சி., கார்புரேட்டர், 65 குதிரைத்திறன். பிறகு அதே 1298 சி.சி.யில் எட்டு வால்வைப் பதினாறாக்கி, கார்புரேட்டருக்குப் பதில் எம்.பி.எஃப்.ஐ. போட்டார்கள். 85 வந்தது! பாத்திரம் பெரிதாகவில்லை, மூச்சு விடும் வழி பெரிதாயிற்று. 2007-உடன் எஸ்டீம் தயாரிப்பு நின்ற பிறகும் பல ஆண்டுகள் எல்.ஜி.பி. ஃபார்முலா 4 பந்தயக் கார்களில் இந்த 1.3 லிட்டர் என்ஜின் ஓடியது. ஹோண்டா நேர்மாறாகவும் செய்தது. சிட்டி விடெக் 1.5 லிட்டருக்கு 106 குதிரைத்திறன். 2003-ல் வந்த புதிய சிட்டி, அதே 1.5 லிட்டரில் 77 மட்டும். மைலேஜுக்காகக் குறைத்தார்கள். வாங்கியவர்கள் மைலேஜைப் பார்த்து வாங்கினார்கள்.

நம் பக்கத்தில் சில அண்ணன்கள் பழைய கார் வாங்கி, ஏர் ஃபில்டரைக் கழற்றி எறிந்து, சைலன்சரை மாற்றிவிட்டு "ட்யூன் பண்ணிட்டேன்" என்கிறார்கள். சத்தம்தான் கூடும். ஃபில்டர் இல்லாமல் நம்ம ஜி.எஸ்.டி. ரோட்டுப் புழுதி உள்ளே போனால் சிலிண்டர் சுவரை மணல்தாள் மாதிரி தேய்த்துவிடும். டர்போ மாட்டி அழுத்தத்தைக் கூட்டினாலும், சாதா பெட்ரோல் நேரத்துக்கு முன்பே தானாக வெடித்து பிஸ்டனை ஓட்டை போடும். இதற்கு நாக்கிங் என்று பெயர். கம்பெனி குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. பந்தயத் தடத்தில் மட்டும் ஓடும் காரின் கதை வேறு.

இதையெல்லாம்விட எனக்குப் பயம் பிரேக்கில். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. காய்ந்த தார் ரோட்டில், உராய்வுக் குணகம் 0.7 என்று வைத்தால், 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் பிரேக் பிடித்த பிறகு சுமார் 20 மீட்டரில் நிற்கும். 120-ல் வந்தால் 80 மீட்டர் வேண்டும். காலை பிரேக்கில் வைக்க ஒரு நொடி ஆகிறதே, அதில் 33 மீட்டர் தனியாகப் போய்விடும். மொத்தம் 113 மீட்டர். காலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்த ரோட்டைக் குறுக்கே கடக்கிறவர்கள் நாம்தான். பந்தய வண்டி கட்டுகிறவர்கள் முதலில் பிரேக், டயர், பிறகு ரேடியேட்டர், ஆயில் என்று பார்த்துவிட்டுத்தான் என்ஜின் பக்கம் போவார்கள். இங்கே கடைசி வேலையை முதலில் செய்கிறார்கள்.

படம் வரைய இடம் போதவில்லை. விடெக் கேம்ஷாஃப்ட் படம் அடுத்த தாளில் வரும்.

பத்தாம் வகுப்புத் தம்பி தங்கைகளுக்கு ஒரு கணக்கு: சூப்ராவின் 2ஜேஇசட் என்ஜினில் சிலிண்டர் விட்டம் 86 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தூரமும் 86 மில்லிமீட்டர், சிலிண்டர் ஆறு. 2997 வருகிறதா என்று போட்டுப் பாருங்கள். அடுத்து, ஸ்கைலைனுக்கு விட்டம் அதே 86, சி.சி. 2568. பிஸ்டன் நகரும் தூரம் எவ்வளவு? விடையைப் பெயர், வகுப்போடு எழுதி இந்தப் பலகைக்குக் கீழே உள்ள பெட்டியில் போடவும்.

— 11-ஆம் வகுப்பு மாணவன், அறிவியல் பிரிவு