வெயிலில் காய்ந்த ஒயின்

செப்டம்பர் காலை, இன்னும் ஏழு மணி ஆகவில்லை. தெற்கு பிரான்சின் பன்யூல்ஸ் மலைச்சரிவில் கால் வழுக்காமல் நிற்பதே பெரும்பாடாக இருந்தது. அங்கே மண் என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது. தட்டுத் தட்டாக உடையும் பழுப்புக் கல் சில்லுகள்தான். ஷிஸ்ட் என்பார்கள். தோட்டத்துக்காரம்மா ஒரு பழத்தைப் பிதுக்கி, விதையை மட்டும் என் உள்ளங்கையில் வைத்தார். “கடித்துப் பாருங்கள். கசந்தால் இன்னும் இரண்டு நாள் காத்திருப்போம். வறுத்த பருப்பு மாதிரி நொறுங்கினால் இப்போதே பறிக்கலாம்.” விதை பழுப்பாக இருந்தது, பல்லில் நொறுங்கியது. மதியம் வரை குனிந்த முதுகு நிமிரவில்லை.

பெர்ப்பிஞ்ஞானில் ஓர் உணவகத்தில் பரிமாறும் வேலை எனக்கு. ஒயின் பட்டியலை மனப்பாடமாகச் சொல்வேன். ஆனால் எங்கள் வட்டாரமான ரூசியோனின் ஒயின்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது அந்த அறுவடை நாட்களில்தான் புரிந்தது. வருடத்துக்குச் சுமார் 2,500 மணி நேரம் வெயில் அடிக்கிற ஊர் இது. பத்துப் பதினைந்து ஊர்ப் பெயர்களை நெட்டுருப் போடுவதைவிட, ‘இந்தத் திராட்சை வெயிலை என்ன செய்கிறது?’ என்ற ஒரு கேள்வி போதும். பாதி ஒயின் பிடிபட்டுவிடும்.

கிரெநாஷ் என்ற திராட்சை வெயிலை அப்படியே சர்க்கரையாக்கிக்கொள்ளும். தோல் மெல்லியது, புளிப்பு குறைவு. பந்தலோ கம்பியோ இல்லாமல், இடுப்புயரத்துக்கும் கீழே குட்டையாக நிற்கும் கட்டைக்கொடி. வடமேற்கிலிருந்து திராமொந்தான் காற்று ஆளைத் தள்ளுகிற வேகத்தில் அடிக்கும்போதும் அசையாது. அதே காற்றில் சிரா என்ற இன்னொரு திராட்சையின் நீண்ட தளிர்கள் முறிந்துபோகும், அதனால் அதற்குக் கம்பி கட்டுகிறார்கள். கிரெநாஷின் சர்க்கரை முழுவதும் நொதித்தால் ஆல்கஹால் சுலபமாக 15 சதவீதத்தைத் தொடும். ஆகவே பாட்டில் வாங்கும்போது முதலில் லேபிளின் ஓரத்தில் உள்ள அந்த எண்ணைப் பாருங்கள். மதியச் சாப்பாட்டோடு குடிக்க 13 இருந்தால் நல்லது. 15 என்றால் இரவுக்கு, அதுவும் ஆட்டுக்கறியோடு.

கரிஞான் திராட்சை நேரெதிர். தாமதமாகத்தான் பழுக்கும், எவ்வளவு வெயில் அடித்தாலும் புளிப்பை விட்டுக்கொடுக்காது. சூடான ஊரில் இதைவிடப் பெரிய குணம் வேறென்ன வேண்டும்? ஆனால் கெட்ட பெயரும் இதற்குத்தான். சமவெளியில் நட்டுத் தண்ணீர் காட்டினால் குலை குலையாகக் காய்த்துத் தள்ளும். அப்படி விளைந்ததில் துவர்ப்பும் புளிப்பும்தான் மிஞ்சும், சுவை இருக்காது. மலிவு ஒயினுக்காக அதை அப்படித்தான் பல காலம் விளைவித்தார்கள். பிறகு ஒயின் தேங்கியதும், கொடியைப் பிடுங்கினால் பணம் என்று ஐரோப்பிய அமைப்பே அறிவித்தது. 1988இல் பிரான்சில் சுமார் 1,67,000 ஹெக்டேரில் இருந்த கரிஞான், 2000க்குள் ஒரு லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. சரிவுகளில் நின்ற வயதான கொடிகளும் அதில் போயின. அது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். அறுபது வயதுக் கொடி ஒன்று நாலைந்து சிறு குலைகள்தான் தரும். அந்த ஒயினில் கருப்பு நாவல் நிறமும், காட்டுச் செடி காய்ந்த மணமும், வாயைத் துடைத்துவிடும் புளிப்பும் இருக்கும். கறியின் கொழுப்புக்கு அதைப் போல ஈடுகொடுக்கும் சிவப்பு ஒயின் இந்த வட்டாரத்தில் இல்லை என்பேன்.

முர்வெட்ர் என்ற திராட்சை கடலோரத்தில் நன்றாக வரும், அடர்த்தி கொடுக்கும். கலவையில் கொஞ்சம் சேர்ப்பார்கள்.

வெயில் ஊரில் வெள்ளை ஒயின் எதற்கு என்று பலரும் ஒதுக்குகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் கிரெநாஷிலேயே வெள்ளை உண்டு, சாம்பலும் ரோஜாவும் கலந்த நிறத்தில் ‘கிரி’ என்று இன்னொன்றும் உண்டு. பழைய தோட்டங்களில் மூன்று நிறமும் ஒரே வரிசையில் கலந்து நிற்கும். கிரியிலிருந்து செய்யும் வெள்ளை ஒயினில் லேசான உப்பு தட்டும். கொலியூர் ஊரின் உப்பிட்ட நெத்திலியோடு அதைக் குடித்துப் பாருங்கள். இந்த ஜோடியை ஒருமுறை பரிமாறிவிட்டால் விருந்தினர் மறுபடியும் அதையே கேட்பார்கள்.

ஆனால் ரூசியோனின் தனிச்சொத்து இனிப்பு ஒயின்கள்தான். பன்யூல்ஸ், மோரி, ரிவ்சால்ட் என எல்லாமே ஊர்ப் பெயர்கள். நொதித்துக்கொண்டிருக்கும் சாற்றில், அதன் அளவில் 5 முதல் 10 சதவீதம் வரை சாராயம் ஊற்றுவார்கள். ஈஸ்ட் செத்துப்போகும், திராட்சையின் சொந்த இனிப்பு மிஞ்சும். இந்த முறையைக் கண்டவர் மோன்பெலியே மருத்துவர் அர்னோ தெ வில்நெவ் என்றும், ஆண்டு 1285 என்றும் சொல்வது வழக்கம். மோரியில் ஒரு தோட்டத்து முற்றத்தில் ஆளின் இடுப்பளவு கண்ணாடிக் குடுவைகள் நூற்றுக்கணக்கில் வெட்டவெளியில் வரிசையாக நின்றதைப் பார்த்து நின்றுவிட்டேன். உலகமே ஒயினை இருட்டில் வைத்துக் காக்கிறது. இவர்கள் வெயிலிலும் குளிரிலும் ஓராண்டு காயப்போடுகிறார்கள். உள்ளே போன கருஞ்சிவப்பு, செங்கல் நிறமாகிறது. அத்திப்பழம், காப்பிக்கொட்டை, வால்நட் மணம் ஏறுகிறது.

இதில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் ஜூலையில், அலமாரியில் நின்ற மோரியை அப்படியே ஊற்றிக் கொடுத்தேன். அறையே முப்பது டிகிரி. ஒரு பெரியவர் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார், “சாராயம்தான் மணக்கிறது” என்றார். உண்மைதான், சூட்டில் ஆல்கஹால் முன்னே வந்து எல்லா மணத்தையும் மறைத்துவிடும். அன்றிலிருந்து இனிப்புச் சிவப்பை 14, 15 டிகிரிக்குக் குளிர்வித்துத்தான் எடுக்கிறேன். கோடையில் சாதாரணச் சிவப்பையும் இருபது நிமிடம் குளிர்பெட்டியில் வைக்கிறேன்.

இன்னொன்று. இனிப்பு ஒயின் லேபிளில் ‘ரிமாஜ்’ அல்லது ‘கிரெநா’ என்றிருந்தால் காற்றுப் படாமல் காத்து, சீக்கிரமே பாட்டிலில் அடைத்தது. பழச்சுவை தூக்கலாக இருக்கும், திறந்தால் சில நாளில் முடித்துவிட வேண்டும். ‘துய்லே’, ‘அம்ப்ரே’, ‘ஓர் தாஜ்’ என்றிருந்தால் காற்றோடு பழகி முதிர்ந்தது. திறந்த பிறகும் வாரக்கணக்கில் கெடாது. வீட்டில் ஒருவர் மட்டும் குடிப்பதென்றால் இதைத்தான் வாங்கச் சொல்வேன். கருப்புச் சாக்லேட்டோடு சிறு கோப்பை போதும். வண்டி ஓட்டுகிறவருக்கு அதுவும் வேண்டாம்.

2022 முதல் இங்கே மழை பொய்த்து, கிணறுகள் வற்றி, கொடிகள் வாடிய வருடங்களைப் பார்த்தேன். அப்போதும் சரிவில் வேர் ஆழமாகப் போன பழைய கரிஞான் கொடிகளில் இலை பச்சையாக நின்றது. வாங்க ஆள் இல்லாவிட்டால் அவற்றையும் பிடுங்கிவிடுவார்கள். பெர்ப்பிஞ்ஞான் பக்கம் வந்தால், கடையில் பிரபலப் பெயர்களை விட்டுவிட்டு, பழைய கொடியின் கரிஞான் இருக்கிறதா என்று கேளுங்கள்.