பண்ணை முதலை எதுவும் தப்பி வரவில்லை!

சென்னையில் அடைமழை பிடித்ததுமே கிளம்பிவிடுகிறது இந்தப் புரளி: “வடநெம்மேலி முதலைப் பண்ணைச் சுவர் இடிஞ்சுடுச்சாம், முதலையெல்லாம் ஊருக்குள்ள வந்துடுச்சாம்!” 2015 வெள்ளத்திலும் இதே கதைதான். பண்ணைக்காரர்கள் மறுத்தார்கள், யார் காதில் விழுந்தது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெருங்களத்தூர்ப் பக்கம் ஒரு முதலை சாலையைக் கடக்கும் காணொளி வந்தது. அதையும் ‘பண்ணையிலிருந்து தப்பியது’ என்று எனக்கு அனுப்பியவர்களில் படித்தவர்களும் உண்டு.

வரைபடத்தைப் பார்த்தாலே போதும். வடநெம்மேலி கிழக்குக் கடற்கரைச் சாலையில், கடலை ஒட்டி இருக்கிறது. பெருங்களத்தூர் அங்கிருந்து நேர்கோட்டிலேயே 20 கிலோமீட்டருக்கு மேல், உள்நாட்டுப் பக்கம். வெள்ளம் மேற்கிலிருந்து கடலை நோக்கி ஓடுகிறது. இவர்களுடைய முதலை மட்டும் எதிர்நீச்சல் போட்டு, பக்கிங்காம் கால்வாயையும் பழைய மாமல்லபுரம் சாலையையும் தாண்டிப் பெருங்களத்தூருக்கு வந்ததாம்!

சென்னை நீர்நிலைகள் சிலவற்றில் நன்னீர் முதலைகள் இருக்கின்றன, அவை கூச்ச சுபாவம் உள்ளவை என்று வனத்துறைச் செயலர் சுப்ரியா சாஹு அப்போதே வெளிப்படையாகச் சொன்னார். பெருங்களத்தூரை அடுத்த நெடுங்குன்றம் ஏரியில் முதலை உண்டென்பது அக்கம்பக்கத்தார் அறிந்ததே. தமிழ்நாட்டில் அமராவதி, சாத்தனூர் அணைகளிலும் கொள்ளிடத்திலும் அது காலங்காலமாக வாழ்கிறது. ஏரி நிரம்பினால் மேடு தேடும். வற்றினால் கரையில் வளை தோண்டிப் படுக்கும், இல்லையென்றால் இரவில் அடுத்த குளத்துக்கு நடக்கும். விலங்கியல் மாணவர் எவரைக் கேட்டாலும் சொல்வார். 1976இல் ரோமுலஸ் விட்டேக்கர் வடநெம்மேலிப் பண்ணையைத் தொடங்கியதே, தோலுக்காகச் சுட்டுத் தீர்க்கப்பட்ட இந்த இனத்தைப் பெருக்கத்தான். அந்தப் பண்ணையின் தலையிலேயே பழியைப் போடுகிறோம்.

மற்ற கதைகள் இவ்வளவு கெட்டி இல்லை. முதலை துரத்தினால் வளைந்து வளைந்து ஓட வேண்டுமாம். வேண்டாம், நீரை விட்டு நேராக ஓடுங்கள். அது கரையில் நெடுந்தூரம் துரத்தி வேட்டையாடுவதில்லை. நம் ஏரியில் இருப்பது ‘அலிகேட்டர்’ என்பார்கள். அது அமெரிக்காவிலும் சீனாவிலும்தான் இயற்கையாக வாழ்கிறது. பிடித்துத் தூர விட்டால் தொல்லை தீர்ந்தது என்பதும் நிச்சயமில்லை. ஆஸ்திரேலியாவில் ஹெலிகாப்டரில் தூக்கிப் போய் விட்ட உவர்நீர் முதலை ஒன்று, 20 நாளில் 400 கிலோமீட்டருக்கு மேல் நீந்திப் பழைய இடத்துக்கே திரும்பியதை 2007இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. கொள்ளிடக் கரை ஊர்களில் குளிக்க இறங்கியவர்களை முதலை கடித்திருக்கிறது, உயிரும் போயிருக்கிறது. முதலை உள்ள நீரில் பொழுது சாய்ந்தபின் இறங்கக் கூடாது. மாடு கழுவவும் துணி துவைக்கவும் அங்கே போகக் கூடாது.

இன்னொன்று: ஏரிக்கரையில் கோழிக்கடைக் கழிவைக் கொட்டுகிறீர்களே, அதை என்னவென்று சொல்வது? குடலும் இறகும் மூட்டை மூட்டையாகக் கிடக்கிற இடத்துக்கு முதலில் நாய் வரும், பின்னாலேயே முதலையும் வரும். மனிதர் நடமாடும் கரையில் இரை கிடைக்கும் என்று அதைப் பழக்கிவிடுவது நாம்தான். வாட்ஸ்அப்பில் முதலைக் காணொளியைப் பரப்பும் நேரத்தில், அந்த மூட்டைகளைப் படமெடுத்து உங்கள் உள்ளாட்சி அலுவலகத்துக்கு ஒரு புகார் எழுதுங்கள்.