விசிறி மடிப்புக்குள் விளக்கு தைப்பது எப்படி?

பரதநாட்டிய உடையின் முன்பக்க விசிறிக்கு ஒரு குணம் உண்டு. நிமிர்ந்து நிற்கையில் மடிப்புகள் மூடிக் கிடக்கும். அரைமண்டியில் அமர்ந்ததும் விரியும். விளக்கு தைப்பதானால் அது இந்தக் குணத்துக்குக் கட்டுப்பட வேண்டும். ஓயாமல் மினுக்கும் உடை, ஆடுபவரின் முகத்தையும் முத்திரையையும் பார்க்க விடாது. 1892-இல் பாரிஸின் ஃபோலி பெர்ஜேர் அரங்கில் ஆடிய லோயி ஃபுல்லர் பட்டைச் சுழற்றி, அதன்மேல் வண்ண ஒளியை விழச் செய்தார். துணி அசைந்தால்தான் அங்கே ஒளிக்கு வேலை. நம் விசிறியிலும் மடிப்பு விரியும்போது மட்டும் உள்ளே வெளிச்சம் தெரியட்டும்.

முதல் வேலை, ஜரிகையைச் சோதிப்பது. அசல் காஞ்சிபுரம் ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. அதில் மின்சாரம் பாயும். மல்டிமீட்டரின் இரு முனைகளையும் கரையில் வைத்துப் பாருங்கள். 'பீப்' என்றால் அந்தக் கரையில் ஒயரின் திறந்த முனை எதுவும் படக்கூடாது. ஒருமுறை ஒத்திகையில் விளக்குகள் விட்டுவிட்டு எரிந்தன. பேட்டரியைச் சந்தேகித்தே எனக்குப் பாதி நாள் போனது. கடைசியில் பார்த்தால் கரை ஜரிகைதான் காரணம்.

அதனால் எதையும் பட்டில் நேரடியாகத் தைக்காதீர்கள். விசிறியின் அளவுக்கே காடா துணியில் ஓர் உள்துணி வெட்டி, அதே மடிப்புகளை எடுங்கள். எல்லாம் அதில்தான். பிரஸ் பட்டன் வைத்துவிட்டால் பட்டிலிருந்து கழற்றி மாட்டலாம்.

மடிப்புக்கு ஒன்றாக, வெதுவெதுப்பான வெள்ளை நிறத்தில் ஆறு எல்.இ.டி. போதும். நிறங்களைக் கலக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் 330 ஓம் தடை ஒன்று. சிலிகோன் உறை போட்ட மெல்லிய ஒயரை இடுப்பிலிருந்து மடிப்பின் நீளவாக்கிலேயே இறக்குங்கள். குறுக்கே ஓட்டினால் ஒவ்வொரு அரைமண்டிக்கும் அந்த இடம் வளைந்து, சில நாளில் அறுந்துவிடும். மின்கடத்தும் எஃகு நூலை இதற்கு நம்ப வேண்டாம். நீளம் கூடக்கூட அதன் தடையும் கூடி, கடைசி விளக்கு மங்கிவிடும்.

எஃகு நூலுக்கு வேறு வேலை இருக்கிறது: மடிப்பு விரிவதை உணரும் சுவிட்ச் ஆவது. அடுத்தடுத்த இரு மடிப்புகளில், மூடினால் ஒன்றோடொன்று படும்படி, முழங்கால் உயரத்தில் 3 செ.மீ. சதுரத்துக்கு மின்கடத்தும் துணித் துண்டு ஒவ்வொன்று தையுங்கள். அங்கிருந்து இடுப்பு வரை எஃகு நூலை ஓட்டுங்கள். இரண்டு ஓட்டமும் ஒன்றையொன்று தொடக்கூடாது. முடிச்சின் மேல் நிறமற்ற நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வையுங்கள். இல்லாவிட்டால் பிசிறு நீண்டு பக்கத்து நூலைத் தொடும்.

இடுப்பில் ஒரு சிறு மைக்ரோகண்ட்ரோலர் பலகை. தைப்பதற்குத் தோதாக ஓரத்தில் துளைகளோடு, லியா பியூக்லி வடிவமைத்து 2007-இல் விற்பனைக்கு வந்த லில்லிபேட் வகை நமக்குப் பொருந்தும். ஒரு பின்னுக்கு இரண்டு விளக்காக மூன்று பின்களில் இணையுங்கள். எஃகு நூலின் இரண்டு ஓட்டங்களும் இதே பலகைக்குத்தான் வர வேண்டும். துண்டுகள் 0.2 விநாடிக்கு மேல் பிரிந்திருந்தால் மட்டுமே விளக்கு மெல்ல எரியும்படி நிரல் எழுதுங்கள். இந்தத் தாமதம் இல்லையென்றால் குதித்து ஆடும் அடவுகளில் வெளிச்சம் படபடக்கும்.

மூன்று ஏஏஏ பேட்டரிகள் போதும். லித்தியம் பேட்டரியை வியர்க்கும் உடம்போடு கட்டி ஆட விடுவதை நான் ஏற்கவில்லை. பேட்டரிப் பெட்டிக்கு இடுப்பின் பின்புறம் ரெக்சின் பை தையுங்கள். ஒட்டியாணம் உலோகம், பெட்டியும் பலகையும் அதைத் தொடாமல் தள்ளியே இருக்கட்டும்.

இவ்வளவு சிறிய வெளிச்சம் முழு மேடை விளக்கில் தெரியாது. எந்த இடத்தில் மேடையை மங்கலாக்க வேண்டும் என்று விளக்கமைப்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் பேட்டரியை எடுத்து, உள்துணியைக் கழற்றிய பிறகே பட்டை டிரை கிளீனிங்குக்கு அனுப்புங்கள்.

முதல்முறை தைப்பவர்கள் பட்டில் கை வைக்க வேண்டாம். பழைய பயிற்சிப் புடவையில் ஒரு விசிறி தைத்து, அதைக் கட்டிக்கொண்டு எல்லா அடவுகளையும் மூன்று காலத்திலும் ஆடச் சொல்லிப் பாருங்கள்.