வைரமரம்: இறக்குமதியும் வேலியோர நடுகையும்

நெல்லும் காய்கறியும் ஒரு போகத்திற் பலன் தருவன. கூரைக்கும் கதவுக்கும் தோணிக்கும் வேண்டிய வைரமரமோ முப்பது ஆண்டுப் பயிராகும். அதனை நடாதவர் பிறர் நட்டதை விலைகொடுத்து வாங்குதல் வேண்டும். இவ்வுண்மை குடும்பத்துக்கு மட்டுமன்றி நாட்டுக்கும் பொருந்தும் என்பதை இலங்கை, இந்தியா ஆகிய இரு நாடுகளின் மர இறக்குமதி வரலாறு காட்டுகின்றது.

இலங்கை

19ஆம் நூற்றாண்டில் மட்டக்களப்பு, திருக்கோணமலைக் காடுகளிலிருந்து முதிரையும் கருங்காலியும் கப்பலேறின. சவண்டலை மரம் சென்னைக்குச் சென்று, அலைகடந்து சரக்கிறக்கும் மசூலாப் படகுகளைக் கட்ட உதவிற்று. அங்கே அதற்குத் 'திருக்கோணமலை மரம்' என்றே பெயர் வழங்கிற்று. காலப்போக்கிற் காடுகள் மெலிந்தன. 1990ஆம் ஆண்டில் இயற்கைக் காடுகளில் மரந்தறித்தல் நிறுத்தப்பட்டது. மரம் விற்ற நாடு, அதன்பின் வீட்டுத் தோட்டங்களையும் நடுகைக் காடுகளையும் பிறநாட்டு மரத்தையும் நம்பலாயிற்று.

இந்தியா

1937ஆம் ஆண்டு வரை பர்மா இந்தியாவுடன் ஒரே ஆட்சியில் இருந்தமையால், இரங்கூன் தேக்கு பிறநாட்டு மரமாகக் கருதப்படவில்லை. 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றவே வரவு தடைப்பட்டது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் காடுகளில் மரந்தறித்தலைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியபின் இறக்குமதி பெருகிற்று. மியன்மார் எனப் பெயர்மாறிய பர்மா, 2014 ஏப்பிரில் 1 முதல் அறுக்காத மரத்தின் ஏற்றுமதியைத் தடைசெய்தது. இந்திய வணிகர் ஆபிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் தோட்டத் தேக்கைத் தேடலாயினர்.

ஒப்பீடு

இரு நாடுகளும் தம் காட்டைக் காக்கும்பொருட்டுப் பிறர் காட்டை நாடின. விற்றவர்களும் ஈற்றில் தம் காட்டைப் பூட்டினர். பெரிய நாடு வேறு சந்தைகளைத் தேடிச்செல்ல வல்லது. சிறிய நாட்டுக்கு அது எளிதன்று. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது, இலங்கையில் இறக்குமதிப் பொருள்கள் பலவும் கட்டுப்படுத்தப்பட்டமை நினைவிற் கொள்ளத்தக்கது.

கமக்காரர் செய்யத்தக்கவை

1. வாவியோர உவர்நிலத்துக்குப் பூவரசும் பனையும் ஏற்றவை. பூவரசு கதியாலிலும் தழைக்கும். எனினும், நேரான அடிமரம் வேண்டின் விதைக்கன்றே நன்று.

2. தேக்கு நீர் தேங்கும் நிலத்தைப் பொறுக்காது. வடிகாலுள்ள மேட்டுநிலத்தில் மட்டும் அதனை நடுக. வறண்ட மேட்டுக்கு வேம்பு பொருந்தும். ஆற்றங்கரைக்கு மருது சிறந்தது.

3. பெரும்போகக் காலத்திற் சூரியன் தென்புறஞ் சாய்ந்து செல்வதால் நிழல் வடக்கே விழும். ஆகையால், அயல்நிலத்துக்கு இடையூறு நேராதாயின் தோட்டத்தின் வட எல்லையில் மரங்களை வரிசையாக நடுதல் நன்று. பத்தடிக்கு ஒரு கன்று போதுமானது.

4. மரவரிசைக்கும் காய்கறிப் பாத்திக்கும் இடையே இரண்டடி ஆழக் கான் வெட்டினால் வேர்கள் பயிரின் உரத்தை உண்ணா.

5. வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் நடுக. முதல் இரண்டு ஆண்டுகள் ஆடுமாடு மேயாவண்ணம் அடைப்பு வேண்டும்.

6. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை 1951ஆம் ஆண்டின் மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அனுமதி பெற்றே தறித்தல் வேண்டும்.

இப்பெரும்போகத்தில் நடப்படும் கன்று, இன்று பள்ளி செல்லும் பிள்ளை தன் பிள்ளைக்கு வீடு கட்டுங்காலத்தில் வளையாகவும் கதவாகவும் நிற்கும். அதற்கு வேண்டிய நிலம் வேலியோரத்து ஓரடி அகலமே.