வெல்லம் கடைசியில்

ஏற்காடு,
தை 10.

அன்புள்ள கண்ணு,

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் சமையலை வாயால் சொன்னால் அளவெல்லாம் காற்றோடு போய்விடும். காகிதத்தில் இருந்தால் அடுப்புக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொள்வாய். அதனால் எழுதுகிறேன்.

"அம்மாயி, அவளுக்கு இனிப்பும் புளிப்புமா இருக்கற கோழி ரொம்பப் பிடிக்கும். வாரத்துல ரெண்டு நாள் ஓட்டல்லதான் வாங்கறோம். வீட்டுல செய்யலாம்னா, வேலை விட்டு வரவே எட்டு மணி. நேரம் ஏது?" என்றாய். கல்யாணமாகி இத்தனை மாதத்தில் நீ என்னிடம் கேட்ட முதல் சமையல் சந்தேகம் இது. கட்டிக்கொண்ட பெண்ணுக்கு என்ன பிடிக்கும் என்பதில் தொடங்கிய சந்தேகம் என்பதால் எனக்கு மனசு நிறைந்துபோயிற்று.

நேரத்துக்கு என் பதில் இதுதான். வேலைநாள் ராத்திரியில் நாற்பது நிமிடம் இருந்தால் போதும், எது முன்னே எது பின்னே என்பது உனக்குத் தெரிந்திருந்தால். வரிசை தெரியாதவனுக்கு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருந்தாலும் நேரம் பற்றாது.

இதை நான் என் அம்மாவிடம் கற்றேன். அவள் காப்பித் தோட்டத்தில் பழம் பறித்தவள். கார்த்திகை பிறந்தால் தை முடிகிற வரைக்கும் பழம் சிவந்துகொண்டே இருக்கும். பறித்ததை அளந்து கொட்டிவிட்டு அவள் வீட்டுக்கு வரும்போது மலையில் இருட்டியிருக்கும். பனி இறங்கிவிடும், விறகில் ஈரம் இருக்கும், எங்களுக்குப் பசி. கூலி வாங்கிய நாளில் மட்டும் கோழி உண்டு. அந்த அடுப்பில், அந்தக் குளிரில், எங்கள் கண் சொக்குவதற்குள் தட்டில் சோறு விழுந்துவிடும். அவள் கை வேகமான கை என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். வளர்ந்த பிறகு கவனித்தேன்: காலையில் வேலைக்குக் கிளம்பும் முன்பே புளியை ஊறப்போட்டிருப்பாள். முந்தின ராத்திரி எங்களோடு கதை பேசிக்கொண்டே சின்ன வெங்காயத்தை உரித்து வைத்திருப்பாள். வெல்லம் தட்டித் தூளாகி டப்பாவில் இருக்கும். அவள் அடுப்பைப் பற்றவைக்கும்போது பாதிச் சமையல் முடிந்திருக்கும்.

எங்கள் வீட்டுச் சட்டியில் மலையும் கீழ்நாடும் சேர்ந்து கொதித்தன. 1820-களில் சேலத்துக்குக் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிச் செடியை இந்தச் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்தார். காப்பிக்கு நிழல் வேண்டுமென்று வளர்த்த சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடியை ஏற்றிவிட்டார்கள். இடையிடையே கமலா ஆரஞ்சு நின்றது. நான் பாவாடை கட்டிய காலத்தில் இருந்த ஆரஞ்சு மரங்களில் பாதி இப்போது இல்லை. நோய் விழுந்து பட்டுப்போயின. இருக்கிற மரங்கள் இந்தத் தையிலும் காய்த்திருக்கின்றன. மிளகும் ஆரஞ்சும் மலை கொடுப்பது. புளியும் வெல்லமும் சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருவது. இந்த நான்கும் சேர்ந்ததுதான் நான் உனக்குச் சொல்லப்போகிற கோழி.

இனிப்பும் புளிப்பும் சேர்ந்தால் அது சீன ஓட்டல் சமாசாரம் என்று நினைத்துவிடாதே. சித்திரை வருஷப் பிறப்புக்கு நாம் மாங்காயையும் வெல்லத்தையும் சேர்த்துப் பச்சடி வைக்கிறோம். பாரசீகத்தில் மாதுளைச் சாற்றைக் குறுக்கி, அக்ரூட் அரைத்து ஊற்றிக் கோழி சமைக்கிறார்கள். ஃபெசென்ஜான் என்று பெயர். அங்கிருந்து குஜராத்துக்கு வந்து குடியேறிய பார்சிகள் உலர்ந்த ஏப்ரிகாட் பழம் போட்டுக் கோழி வைக்கிறார்கள். அவரவர் மண்ணில் எது புளித்ததோ, எது இனித்ததோ அதை எடுத்துக்கொண்டார்கள். நமக்குப் புளியும் வெல்லமும் இருக்கும்போது தக்காளி சாஸ் பாட்டிலைத் தேடி ஓட வேண்டாம். சோள மாவில் புரட்டி எண்ணெயில் பொரிக்கிற வேலையும் வேண்டாம்.

இனி வேலைக்கு வருவோம்.

ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கு. நூறு கிராம் பழம்புளியைக் கொட்டை, கோது நீக்கி, ஒன்றரை டம்ளர் வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து வடிகட்டு. கொஞ்சம் உப்புப் போட்டு, ஒரு டம்ளர் அளவுக்கு வற்றும்வரை கொதிக்கவிடு. எவர்சில்வர் பாத்திரத்தில் செய்; அலுமினியத்தைப் புளி அரித்துவிடும். ஆறியதும் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஃபிரிஜ்ஜில் வை. இரண்டு வாரம் தாராளமாக வரும். புதுப்புளி மாசி, பங்குனியில் வரும். அது நிறம் வெளுப்பு, புளிப்பு முரடு. இந்தச் சமையலுக்குக் கறுத்த பழம்புளிதான் நயம்.

அதே அடுப்பில் நூறு கிராம் வெல்லத்தைக் கால் டம்ளர் தண்ணீரில் கரையவிட்டு வடிகட்டி வை. எந்த வெல்லத்திலும் மண்ணும் சக்கைத் தூளும் இருக்கும். பொங்கலுக்காக ஓமலூர்ப் பக்கம் காய்ச்சிய புது வெல்லம் இப்போது சேலத்தில் கிடைக்கிறது. பெங்களூரில் வாங்கும்போது பளபளவென்று மஞ்சளாக இருப்பதைத் தொடாதே. வெளுப்பதற்கு ரசாயனம் போட்டிருப்பார்கள். பழுப்பாக, கொஞ்சம் அழுக்கு நிறத்தில் இருப்பதை எடு.

புதன்கிழமை சமைக்கப் போகிறாய் என்றால் முந்தின நாள் கோழி வாங்கி ஃபிரிஜ்ஜில் வை. நாட்டுக்கோழி வேண்டாம், அது வேக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதை நீங்கள் இங்கே வரும்போது நான் செய்து தருகிறேன். பிராய்லரில் தொடைக்கறி, எலும்பு நீக்கியது, அரைக் கிலோ. நெஞ்சுக்கறி சீக்கிரம் சக்கையாகும். தொடைக்கறி இரண்டு நிமிடம் கூடினாலும் உன்னை மன்னிக்கும். காலையில் கிளம்பும் முன் அதில் ஒரு தேக்கரண்டி உப்பும் அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூளும் பிசறி, மூடி, மறுபடி ஃபிரிஜ்ஜில் வைத்துவிட்டுப் போ. உப்பு பகல் முழுக்க உள்ளே இறங்கும். புளியையோ எலுமிச்சையையோ காலையிலேயே ஊற்றிவிடாதே. பகலெல்லாம் புளிப்பில் கிடந்த கறி மேலே மாவாகி, உள்ளே விறைத்துப்போகும்.

ராத்திரி வந்ததும் கை கால் கழுவிவிட்டு முதலில் அரிசியைக் களைந்து குக்கரில் வை. அது பாட்டுக்கு வேகட்டும். பதினைந்து சின்ன வெங்காயத்தை இரண்டிரண்டாக நறுக்கு. எட்டுப் பல் பூண்டையும் ஒரு விரற்கடை இஞ்சியையும் தட்டிக்கொள். அடி கனமான வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் ஊற்றி, நாலு வரமிளகாயைக் கிள்ளிப் போட்டு, கறிவேப்பிலையும் வெங்காயமும் போட்டு வதக்கு. இங்கே அவசரம் காட்டாதே. புளிப்பு ஏறிய பிறகு வெங்காயம் குழையாது. எவ்வளவு கொதித்தாலும் நறுக்கென்றே நிற்கும். அது பொன்னிறமாகிக் கரண்டிக்கு நசுங்குகிற பதம் வர ஆறேழு நிமிடம் ஆகும். பிறகு இஞ்சி பூண்டு, பச்சை வாசம் போகும் வரை.

இப்போது கோழி. தீயைக் கூட்டி, ஐந்து நிமிடம் விட்டுவிட்டுப் புரட்டு. கிளறிக்கொண்டே இருந்தால் தண்ணீர் விட்டுக்கொள்ளும், நிறம் ஏறாது. துண்டுகளின் ஓரம் சிவந்ததும் புளிக் கரைசலில் இரண்டு மேசைக்கரண்டியும் அரை டம்ளர் தண்ணீரும் ஊற்றி, மூடி, தீயைத் தணித்து வை. பன்னிரண்டு நிமிடம். பெரிய துண்டாக ஒன்றை எடுத்துக் கீறிப் பார், உள்ளே இளஞ்சிவப்பு இருக்கக் கூடாது.

நேரத்தைப் பற்றி ஒன்று. நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுத்தவள், அது உனக்குத் தெரியும். ஏற்காடு கடல் மட்டத்துக்கு மேலே 1,515 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். உன் பெங்களூரில் 97. சேலத்துக்காரர்கள் எழுதிக்கொடுத்த நிமிடக் கணக்கு இந்த மலையில் பொய்யாகும். என் கணக்கு உன் ஊரில் கொஞ்சம் முன்பின்னாகும். அதனால் நிமிடத்தை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொள். கறி வெந்ததைக் கறியைப் பார்த்தே முடிவு செய்.

வெந்த பிறகு மூடியை எடுத்துவிட்டு ஒரு சொட்டுக் குழம்பைக் கரண்டியில் எடுத்து, ஆறவிட்டு ருசி பார். உப்பும் புளிப்பும் நாக்கில் உறைப்பாக நிற்கும். இப்போதுதான், இதற்கு முன் இல்லை, வெல்லப் பாகில் மூன்று மேசைக்கரண்டி ஊற்று. தீயைக் கூட்டி மூன்று நான்கு நிமிடம், அடிபிடிக்காமல் கிளறு. குழம்பு சுண்டி, கரண்டியின் முதுகில் பூச்சாக ஒட்டும், கறித்துண்டு மினுமினுக்கும். அப்போது அடுப்பை அணைத்துவிடு. ஒரு தேக்கரண்டி மிளகைக் கொரகொரப்பாகப் பொடித்துத் தூவு. அரை ஆரஞ்சைப் பிழிந்து விடு. ஆரஞ்சுச் சாறு கொதித்தால் கசப்பேறும், மிளகு கொதித்தால் மணம் பறந்துபோகும். அதனால் இவை இரண்டும் அடுப்பை அணைத்த பிறகுதான்.

வெல்லத்தை ஏன் இவ்வளவு கட்டாயமாகக் கடைசிக்குத் தள்ளுகிறேன் என்று சொல்கிறேன். உன் தாத்தாவைக் கட்டிக்கொண்டு வந்த முதல் மாதம், பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் இந்தக் கோழியை வைத்தேன். மாமியாருக்கு முன்னால் சீக்கிரம் முடித்துக் காட்ட வேண்டும் என்ற அவசரம். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூடினேன், வெல்லத்தையும் சேர்த்து. கறி பாதி வேகும் முன்பே வெல்லம் அடியில் இறங்கிக் கருகிவிட்டது. சட்டி முழுக்கக் கசப்பு. கோழி என்பது மாதத்துக்கு ஒருமுறை வருகிற வீடு அது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் மாமியார் ரசத்தைச் சூடு பண்ணி எல்லோருக்கும் சோறு போட்டார்கள். ராத்திரி நான் எழுந்து பார்த்தபோது, கருகிய சட்டியில் சாம்பலும் புளிச் சக்கையும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். காலையில் அது பளிச்சென்று அடுப்புமேல் இருந்தது. மறு வாரம் அவர்களே கோழி வாங்கி வந்து, "இன்னைக்கும் நீயே வை. வெல்லத்தை மட்டும் நான் சொல்றப்ப போடு" என்றார்கள். வெந்த பிறகுதான் சொன்னார்கள்.

சர்க்கரை எதுவானாலும் அடியில் தங்கிக் கருகும். அது ஒரு காரணம். இன்னொன்று, புளிப்பையும் உப்பையும் முதலில் தனியாக ருசி பார்த்தால்தான் எவ்வளவு இனிப்பு வேண்டும் என்று தெரியும். முதலிலேயே இனித்துவிட்டால் மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். கூட்டுவது எளிது, போட்ட வெல்லத்தை எடுக்க முடியாது. முதல் தடவை இரண்டு கரண்டியோடு நிறுத்து. அவளை அழைத்து ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுப் பார்க்கச் சொல். மூன்றாவது கரண்டி வேண்டுமா என்பதை அவள் சொல்லட்டும். உங்கள் வீட்டு அளவு அப்படித்தான் உருவாகும். நான் எழுதியது என் வீட்டு அளவு.

ஓட்டலில் வாங்குவதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. உடம்பு முடியாத நாளில் வாங்கிச் சாப்பிடுங்கள். ஆனால் ரெண்டு பேரும் பகலெல்லாம் வெவ்வேறு இடத்தில் இருந்துவிட்டு வருகிறீர்கள். ஒருவர் வெங்காயம் நறுக்க, ஒருவர் தட்டு வைக்க, அந்த நாற்பது நிமிடத்தில் அன்றைக்கு நடந்ததெல்லாம் தானாகப் பேச்சில் வந்துவிடும். கதவைத் தட்டி வருகிற பொட்டலத்தில் அந்த நாற்பது நிமிடம் இருக்காது. எங்கள் அம்மாவோடு நாங்கள் பேசியதெல்லாம் அடுப்படியில்தான், முந்தின ராத்திரி வெங்காயம் உரிக்கும்போது.

வாரத்தில் ஒரு நாளை உன் பொறுப்பாக எடுத்துக்கொள், கண்ணு. புதன்கிழமை என்று வைத்துக்கொள். அன்றைக்கு அவள் அடுப்படிக்கு வர வேண்டாம், அல்லது விரும்பினால் வரட்டும். மீந்தால் மறுநாள் காலை தோசைக்குத் தொட்டுக்கொள்ளுங்கள். ஒரு ராத்திரி ஊறியது இன்னும் நன்றாக இருக்கும்.

உன் மாமா அடுத்த வாரம் பெங்களூர் வருகிறான். அவனிடம் ஒரு பாட்டில் புளிக் கரைசல், இந்த வருஷத்து மிளகு கால் கிலோ, ஆறு ஆரஞ்சு கொடுத்தனுப்புகிறேன். முதல் தடவை அடி பிடித்தால் அவளைச் சட்டியைத் தேய்க்க விடாதே, நீயே தேய். தேய்த்து முடித்ததும் எனக்குப் போன் செய். எந்த இடத்தில் வெல்லம் போட்டாய் என்று கேட்பேன். மறு புதன்கிழமையும் நீயே வை.

அவளுக்கு என் ஆசீர்வாதம்.

அன்புடன்,
அம்மாயி