வாசனைத் தைலங்கள்: விற்கும் நாம் அறிய வேண்டியவை

மார்கழி பிறந்ததும் நம் கடைகளில் தைலம் கேட்டு வருவோர் கூடிவிடுகிறார்கள். மூக்கடைப்புக்கு நீலகிரித் தைலம், பல்வலிக்குக் கிராம்புத் தைலம், மூட்டுவலிக்கு வின்டர்கிரீன் தைலம், கொசுவுக்குப் புல் தைலம் என்று காலங்காலமாக நாம் விற்றுவரும் சரக்குதான். இப்போது லாவண்டர், பெப்பர்மின்ட், டீ ட்ரீ என்ற புதிய பெயர்களும் இவற்றோடு சேர்ந்திருக்கின்றன. செல்போனில் பார்த்துவிட்டு, “மனசு அமைதிக்கு நல்லதாமே, இருக்கா அண்ணே?” என்று கேட்கிறார்கள்.

குன்னம், வேப்பந்தட்டை, செந்துறை, திருமானூர் பக்கத்துச் சிற்றூர்களில் மருந்துக் கடை நாலு மைல் தள்ளி இருக்கும். மளிகைக் கடை தெருமுனையில் இருக்கும். ஆகவே “இதை எப்படிப் போடுவது?” என்ற கேள்வி முதலில் நம் கல்லாவுக்குத்தான் வருகிறது. அதற்கு நாம் சொல்லும் பதில் சரியாக இருக்க வேண்டும். அந்த நோக்கத்தோடுதான் இந்தப் பாடம்.

ஒரே பெயர், மூன்று சரக்கு

தைலம் என்ற ஒரே சொல்லால் நாம் மூன்று வகைச் சரக்கைக் குறிக்கிறோம். குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதல் வகை, நல்லெண்ணெயில் மூலிகைகளைப் போட்டுக் காய்ச்சிய சித்த, ஆயுர்வேதத் தைலம். தலைக்கு வைத்துக் குளிக்கும் தைலங்களும், உடம்பில் தாராளமாகத் தேய்க்கும் தைலங்களும் இதில் அடங்கும்.

இரண்டாம் வகை, மெழுகுப் பசையில் கலந்த வலி நிவாரணித் தைலம், அதாவது பாம். 1893இல் பம்பாயில் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் தொடங்கிய அமிர்தாஞ்சனம் இந்த வகையில் நாடறிந்தது. அந்த நிறுவனம் 1914இல் சென்னைக்கு இடம் மாறியது. இந்த வகையில் மருந்துப் பொருள் ஓர் அளவோடு கலக்கப்பட்டிருக்கும்.

மூன்றாம் வகைதான் இன்றைய பாடம். இலை, பூ, பட்டை முதலியவற்றை நீராவியில் வடித்து எடுக்கும், காற்றில் ஆவியாகும் வாசனை எண்ணெய் இது. ஒரு சிறு குப்பிக்குள் பல கிலோ இலையின் சாரம் அடங்கியிருக்கிறது. முதல் வகையைக் கைநிறைய அள்ளித் தேய்க்கலாம். இதைச் சொட்டுக் கணக்கில்தான் கையாள வேண்டும். இந்த வித்தியாசத்தை மட்டும் வாடிக்கையாளருக்குச் சொல்லிவிட்டால் பாதி ஆபத்து நீங்கிவிடும்.

எந்தத் தைலம் எதற்கு?

நீலகிரித் தைலம்: அரியலூர், ஜெயங்கொண்டம், செந்துறைப் பகுதிகளில் தைல மரத் தோப்புகளைப் பார்க்கிறோம். அவை பெரும்பாலும் காகிதக் கூழுக்கும் கம்புக்கும் வளர்க்கப்படுபவை. குப்பியில் வரும் தைலம் வேறு ஜாதி மரத்தின் இலையிலிருந்து எடுக்கப்படுகிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த அந்த மரம் 1843ஆம் ஆண்டு வாக்கில் நீலகிரி மலைக்கு வந்தது. இதில் முக்கியமான பொருள் சினியோல். மூக்கடைப்பில் மூச்சு இலேசானது போன்ற உணர்வைத் தருவது இதுதான். சளியின் காரணத்தை இது போக்குவதில்லை. அப்போதைக்கு ஒரு சுகம் தருகிறது, அவ்வளவே.

கிராம்புத் தைலம்: இதில் பெரும்பகுதி யூஜினால். பல் மருத்துவர்களும் துத்தநாக ஆக்சைடோடு யூஜினாலைக் கலந்து பல்லை அடைக்கப் பயன்படுத்துகிறார்கள். ஒரே ஒரு சொட்டைப் பஞ்சில் தொட்டு, வலிக்கும் பல்லில் மட்டும் வைக்க வேண்டும். ஈறில் நேரடியாக ஊற்றினால் தோல் வெந்துவிடும். வலி அடங்கினாலும் சொத்தை அப்படியே இருக்கும்; பல் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும்.

வின்டர்கிரீன் தைலம்: ஊட்டிக்குப் போய் வருபவர்கள் வாங்கி வருவது. நாள் முழுதும் குனிந்து வெங்காயம் எடுப்பவர்களும், சிமெண்ட் மூட்டை தூக்குபவர்களும், தறியில் உட்காருபவர்களும் இடுப்பு வலிக்கும் மூட்டு வலிக்கும் தேய்க்கிறார்கள். இது ஆஸ்பிரின் மாத்திரையின் இனத்தைச் சேர்ந்த பொருள். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி சுத்தமான தைலம், 20க்கும் மேற்பட்ட பெரியவர்களுக்கான ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமம். ஆகவே இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

புல் தைலம்: எலுமிச்சைப் புல்லிலிருந்து எடுப்பது. கேரளத்தில் நெடுங்காலமாகத் தயாராகிறது. தரை துடைக்கும் சோப்புத் தண்ணீரில் சில சொட்டு விட்டால் வீடு மணக்கும், ஈத் தொல்லை குறையும். கொசு சிறிது நேரம் அண்டாது. வாசனை போனதும் திரும்பி வந்துவிடும். டெங்கு வரும் காலத்தில் இதை மட்டும் நம்பக் கூடாது. தேங்கிய தண்ணீரைக் கொட்டுவதும் கொசு வலை கட்டுவதும்தான் பாதுகாப்பு.

லாவண்டர்: நல்ல மணம் மனத்துக்கு இதமளிக்கும், தூங்கப் போகுமுன் அமைதி தரும். அந்த மட்டில் விற்கலாம். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் இறக்கும் என்று சொல்லி விற்பது வணிக தர்மமல்ல.

வீட்டில் பயன்படுத்தும் முறை

1. கைக்குட்டையில் ஒன்றிரண்டு சொட்டு விட்டு முகர்வதே எளிய முறை, ஆபத்தும் குறைவு.

2. ஆவி பிடிப்பதானால் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி, ஆடாத இடத்தில் வைத்து, இரண்டு மூன்று சொட்டு போதும். கண்களை மூடிக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். குழந்தைகளுக்கு ஆவி பிடிக்க வேண்டாம். வெந்நீர் கவிழ்ந்து வெந்துபோகும் ஆபத்து உண்டு.

3. உடம்பில் தேய்ப்பதானால் தேங்காய் எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ கலந்தே தேய்க்க வேண்டும். 1 மில்லி என்பது ஏறத்தாழ 20 சொட்டு. 50 மில்லி எண்ணெய்க்கு 20 சொட்டு விட்டால் நூற்றுக்கு 2 பங்கு ஆகிறது. பெரியவர்களுக்கு இது போதும். தோல் மெலிந்த முதியவர்களுக்கு 10 சொட்டே போதும். முதல்முறை முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுப் பிறகு தேய்க்கலாம்.

4. குளிக்கும் தண்ணீரில் விடக் கூடாது. தைலம் தண்ணீரில் கரையாது. மேலே மிதந்து, கலக்காத தைலமாகவே தோலில் படும்.

5. எதையும் குடிக்கக் கூடாது. “இரண்டு சொட்டு சர்க்கரையில் விட்டுக் கொடுங்கள்” என்று யார் கேட்டாலும் நாம் தலையாட்டக் கூடாது. ஓமத் தண்ணீர் வேறு, ஓமத் தைலம் வேறு.

யாருக்கு ஆகாது?

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நீலகிரித் தைலம், பெப்பர்மின்ட், கற்பூரம் கலந்த எதையும் மூக்கருகிலோ நெஞ்சிலோ தடவக் கூடாது. மூச்சுக்குழல் திடீரென்று இறுகிவிடும் அபாயம் உண்டு. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் மருத்துவரைக் கேட்டே பயன்படுத்த வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களுக்குச் சில சமயம் நெடியே இழுப்பைக் கிளப்பிவிடும்.

வலிப்பு நோய் உள்ளவர்கள் நீலகிரித் தைலத்தையும் கற்பூரத்தையும் தவிர்ப்பது நல்லது. இவை கலந்த பொருட்களுக்கும் வலிப்புக்கும் உள்ள தொடர்பைப் பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் சமீப ஆண்டுகளில் ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறார்கள்.

கற்பூரத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சாமிக்கு ஏற்றும் சூடம் இன்று பெரும்பாலும் டர்பன்டைனிலிருந்து தொழிற்சாலையில் தயாராகிறது. அது சாப்பிடும் பொருளல்ல. வெள்ளை வில்லையைக் குழந்தை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும். ஒரு கிராம் அளவே சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகலாம் என்கின்றன மருத்துவ நூல்கள். அமெரிக்காவில் கற்பூர எண்ணெய் விற்பனையை 1982இல் தடை செய்தார்கள். மற்ற மருந்துகளிலும் கற்பூரம் நூற்றுக்கு 11 பங்குக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். நாம் சூடப் பொட்டலத்தை மிட்டாய் ஜாடிக்குப் பக்கத்தில் வைக்காமலிருந்தாலே ஒரு புண்ணியம்.

தவறிக் குடித்துவிட்டால்

குழந்தை ஒரு தேக்கரண்டி நீலகிரித் தைலம் விழுங்கினாலே மயக்கமும் வலிப்பும் வரலாம். உப்புத் தண்ணீர் கொடுத்தோ தொண்டையில் விரல் விட்டோ வாந்தி எடுக்க வைக்கக் கூடாது; தைலம் நுரையீரலில் இறங்கிவிடும். உடனே 108ஐக் கூப்பிட வேண்டும். பெரம்பலூரில் மாவட்ட அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. அரியலூரில் 2022இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போகும்போது குப்பியையும் கையில் எடுத்துப் போக வேண்டும். என்ன சரக்கு, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று மருத்துவருக்குத் தெரிந்தால்தான் வைத்தியம் விரைவாகும்.

கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். தோல் எரிந்தால் முதலில் தேங்காய் எண்ணெயால் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவலாம்.

கொள்முதலில் கவனிக்க

வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுக் காய விடுங்கள். சுத்தமான நீலகிரித் தைலம் கறையின்றிப் பறந்துவிடும். எண்ணெய்க் கறை நின்றால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது. ஆனால் டர்பன்டைனும் மண்ணெண்ணெயும்கூடப் பறந்துவிடும் என்பதால், இந்தச் சோதனையில் தேறியது மட்டும் போதாது. நெடியையும் கவனிக்க வேண்டும்.

ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து ஒரு சொட்டு விடுங்கள். நீலகிரித் தைலமும் புல் தைலமும் மிதக்கும். கிராம்புத் தைலமும் வின்டர்கிரீனும் தண்ணீரைவிடக் கனமானவை என்பதால் அடியில் இறங்கும். கிராம்புத் தைலம் மிதந்தால் சரக்கைத் திருப்பி அனுப்பலாம். கிராம்பு மொட்டில் எடுத்ததற்கும் இலையில் எடுத்ததற்கும் விலை வித்தியாசம் உண்டு. எது என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

கடையில் வைக்கும் முறை

தைலம் எளிதில் தீப்பிடிக்கும். சாமி விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு அருகில் வேண்டாம். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையில் சேர்த்து வைக்க வேண்டாம். பழுப்புநிறக் கண்ணாடிக் குப்பிதான் நல்லது; மலிவான பிளாஸ்டிக்கையும் ரப்பர் மூடியையும் தைலம் அரித்துவிடும். டீத்தூள், சர்க்கரை, மைதா, பிஸ்கட் அருகில் வைத்தால் அவை வாசனையை இழுத்துக்கொள்ளும். பிறகு டீயில் தைல நெடி வருகிறது என்று வாடிக்கையாளர் பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவருவார்.

ஒரு சில்லறைக் கடையில் நடந்ததைச் சொல்கிறோம். ஓமத் தண்ணீரும் நீலகிரித் தைலமும் ஒரே தட்டில் இருந்தன. குப்பிகளும் ஏறக்குறைய ஒரே அளவு. கூட்ட நேரத்தில் கடைப் பையன் மாற்றிப் பையில் போட்டுவிட்டான். பேரக் குழந்தைக்குக் கொடுக்கத் திறந்த பாட்டி, நெடியை வைத்துக் கண்டுகொண்டு குப்பியைத் திருப்பிக் கொண்டுவந்தார். அவருக்கு அன்று சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வாய்க்குள் போகும் சரக்கு ஒரு தட்டு, வெளிப்பூச்சுச் சரக்கு வேறு தட்டு. இந்த ஒரு விதியைக் கடைப் பையன்களுக்கு இன்றே சொல்லிக்கொடுங்கள்.

சட்டம் சொல்வது

பெரிய கேனில் வாங்கிச் சிறு குப்பிகளில் ஊற்றி, மருந்து என்று லேபிள் ஒட்டி விற்றால், 1940ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி அதுவும் தயாரிப்பாகவே கருதப்படும், உரிமம் தேவை. நீலகிரித் தைலம் உள்ளிட்ட சில வீட்டு மருந்துகளை ஆயிரம் பேருக்கு மேற்படாத சிற்றூர்களில் நிபந்தனைகளோடு விற்க அந்த விதிகளில் சலுகை இருக்கிறது. உங்கள் ஊருக்குப் பொருந்துமா என்று மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய், புற்றுநோய் போன்றவை தீரும் என்று கடை முன் போர்டு எழுதினால் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பொட்டலச் சரக்கில் தயாரிப்பாளர் முகவரி, அளவு, மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை இல்லாவிட்டால் வாங்கவே வேண்டாம்.

முடிவாக

ஒரு தைலக் குப்பியில் நமக்கு நிற்கும் லாபம் சில ரூபாய்தான். ஆனால் அதை வாங்கிப் போகிறவர் அரிசியும் பருப்பும் எண்ணெயும் வருடம் முழுதும் நம்மிடமே வாங்குகிறவர். குப்பியைக் கையில் கொடுக்கும்போது, “குடிக்கக் கூடாது, குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள், எண்ணெயில் கலந்து தேயுங்கள்” என்று மூன்றே வார்த்தை சொல்லுங்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பெரியவர்கள் சொன்னது, இந்தச் சொட்டுச் சரக்குக்கு மிகவும் பொருந்தும்.