ஊக்கம் எங்கிருந்து பிறக்கின்றது?

டில்லியில் வகுக்கப்பெறும் திட்டம் ஊரை அடைந்ததும் ஒரு வினா எழுகின்றது. ஒரே கடனுதவி, ஒரே பயிற்சி. எனினும் ஒருவர் பட்டறை தொடங்குகின்றார், மற்றவர் தயங்கி நிற்கின்றார். ஏன்? உளவியலின் ஒவ்வொரு கோட்பாடும் இதற்கு வெவ்வேறு விடை கூறும்.

1879-ல் லைப்சிக் நகரில் ஆய்வுக்கூடம் நிறுவிய வூண்ட், தம் அனுபவத்தைத் தாமே கூர்ந்தறியும் அகநோக்கு முறையைக் கையாண்டார். 1913-ல் அமெரிக்கரான வாட்சன் அதனை மறுத்து, புறத்தே காணக்கூடிய நடத்தையே ஆய்வுக்குரியது என்றார். நடத்தைக் கோட்பாட்டினருக்குத் தயக்கம் என்பது கற்ற பழக்கம். தக்க பயன் கிடைப்பின் மாறும். பிராய்டின் உளப்பகுப்பியலோ நனவிலி மனத்தில் அடக்கப்பட்ட விருப்பங்களில் காரணம் தேடும். இக்கோட்பாடு இந்தியாவுக்கு விரைவிலேயே வந்தது. கல்கத்தா மருத்துவர் கிரீந்திரசேகர் போஸ் 1922-ல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். பிராய்டுடன் கடிதவழி வாதிடவும் செய்தார்.

வளர்ச்சிப் பணிக்கு மிக நெருங்கி வந்தது ஊக்கக் கோட்பாடே. அமெரிக்க உளவியலாளர் மெக்லிலண்ட், சாதிக்க வேண்டும் என்னும் 'அடைவூக்கம்' பயிற்சியால் வளரக்கூடியது என்று கருதினார். 1964-ல் ஆந்திரத்தின் காக்கிநாடாவிலிருந்து சிறுதொழிலர்களும் வணிகர்களும் ஐதராபாத்தின் சிறுதொழில் பயிற்சி நிறுவனத்துக்கு வரவழைக்கப்பட்டனர். படங்களைக் கண்டு கதை புனைந்தனர். முளையில் வளையம் எறிந்து விளையாடினர். மிக அருகில் நின்று எறிவதில் பெருமையில்லை. மிகத் தொலைவில் நின்றால் வெறும் சூதாட்டம். தம் திறனுக்கேற்ற இடரை அளந்து ஏற்பதே பாடம். பின்னர் ஆராய்ந்தபோது, பயிற்சி பெற்றோர் பெறாதோரைவிடச் சுறுசுறுப்பாகத் தொழில் பெருக்கியது தெரிந்தது. ஆயினும் ஒரு செய்தி கவனத்துக்குரியது: தம் தொழிலில் தாமே முடிவெடுக்கும் உரிமை பெற்றிருந்தோரிடமே அம்மாற்றம் மிகுதியாகக் காணப்பட்டது.

உரிமையற்றவனுக்கு ஊக்கம் மட்டும் எவ்வளவு உதவும்? சோம்பலே வறுமைக்குக் காரணம் என்று எளிதில் கூறிவிடுவோர் இதனை எண்ணுவதில்லை. இந்திய உளவியலாளர் உதய் பரீக் 1970-ல் இவ்வினாவைத் திருப்பிப் போட்டார். வறுமைச் சூழலே பிறரை நாடி நிற்கும் சார்பூக்கத்தை வளர்க்கின்றது என்பது அவர் கருத்து. வளர்ச்சிக்கு அடைவூக்கத்தோடு, பிறர் நலனில் நாட்டம் கொள்ளும் விரிவூக்கமும் தேவை. இரண்டும் ஒன்றையொன்று பெருக்கும், சார்பூக்கம் அப்பயனைக் குறைக்கும் என்றார் அவர். இக்கணக்கின்படி, எளியவர் முயன்றால் பலன் உண்டு என்று காட்டும் வகையில் சூழலையும் மாற்றியாக வேண்டும். வகுப்பறைப் பயிற்சி அதில் ஒரு பகுதியே.